யாரைப் பார்த்துக் குரைப்பது?

நாய்க்குக் கல்வி தேடி மூன்று மாதகாலம் அலைந்தேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவனுக்கு ஒரு நாய்க்குப் படிப்பிக்கத் தெரியவில்லையா என்று ஒருவர் கேட்டார். தெரியவில்லை என்பதே உண்மை. அதைவிடக் கசப்பான உண்மையொன்றும் அந்த அலைச்சலிலே தெரியவந்தது. இப்பத்திரிகையின் வாசகர்களிற் பலர் ஆசிரியர்கள் ஆதலால் அதனை இங்கே எழுதுகிறேன்.

ஜிம்மி ஊர்நாய். மழைநாளொன்றில், சந்தியிலே பூட்டிக் கிடந்த கடையொன்றின் வாங்குக்குக் கீழே நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டியை என் மனைவி சேலைத் தலைப்பிற் சுற்றி எடுத்துவந்தாள். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட வீடு. இரண்டு கிழவர்களுக்குக் காவலாகவும் இருக்கும், பேச்சுத்துணையாகவும் இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு வயதில் செம்மண் நிறத்தில் நல்ல உயரமாக வளர்ந்துவிட்டது. தபாற்காரரைக் கண்டால் வாலாட்டும். மின்மானி பார்க்க வரும் இளைஞனின் சப்பாத்தை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அயலிலே நல்ல நாய் என்று பெயர் எடுத்திருந்தது.

கிழமைக்கு இரண்டு முறை குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் எங்கள் ஒழுங்கைக்குள் வரும். அதன் சத்தம் நாலு வீட்டுக்கு அப்பாலே கேட்கும்போதே இந்த நல்ல நாயின் கழுத்து மயிர் சிலிர்த்துக்கொள்ளும். இயந்திரத்தின் பின்னால் நடந்துவந்து படலைப் படலையாகப் பைகளைத் தூக்கிப்போடும் தொழிலாளியைக் கண்டதும், வேலியைப் பிய்த்துக்கொண்டு போவதுபோலப் பாயும். நாங்கள் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. நாயென்றால் குரைக்கத்தானே வேண்டும் என்றிருந்தோம். ஒருநாட் காலை படலையின் கொளுக்கி சரியாகப் பூட்டப்படவில்லை. நான் எழுந்து ஓடுவதற்கு முன் ஜிம்மி அந்த மனிதரின் கெண்டைக்காலைப் பற்றிவிட்டது.

காயம் பெரிதன்று. ஆயினும் விசர்நாய்க்கடி இந்நாட்டிலிருந்து இன்னும் ஒழிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் அதற்குச் சிலரைப் பலிகொடுத்து வருகிறோம். ஜிம்மிக்குத் தடுப்பூசி போட்ட அட்டை என்னிடம் இருந்தது. அதனை எடுத்துக்கொண்டு அவருடன் வைத்தியசாலைக்குப் போனேன். அரசாங்க வைத்தியசாலையில் ஊசிக்குப் பணம் கேட்பதில்லை. ஆனால் வரிசையில் நின்று தீர்ந்துபோகும் நாளுக்குக் கூலி யார் கொடுப்பது? அவர் நிரந்தர ஊழியரல்லர். வேலைக்கு வந்த நாளுக்கே சம்பளம். நான் நீட்டிய பணத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் அவர் ஒரு கேள்வி கேட்டார்:

“மாஸ்டர், தபாற்காரனுக்கு உங்கட நாய் வாலாட்டுது. நான் கண்டனான். எனக்கு மட்டும் ஏன் பாயுது? நான் அதுக்கு என்ன செய்தனான்?”

அவர் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. ஒரு கல்லைக்கூட எடுத்து எறிந்ததில்லை. விடை தெரியாத மாணவனைப் போல நான் நின்றேன். இனி இந்த நாயைப் பழக்காமல் வைத்திருப்பது குற்றம் என்று தீர்மானித்து, நாய்ப்பயிற்சி அளிப்போரைத் தேடிப் புறப்பட்டேன்.

முதலிலே போன இடம் பெரிய மதிலும் இரும்புக் கதவும் உள்ள ஒரு வளவு. நடத்துபவர் நிமிர்ந்த தோற்றமுள்ள, மரியாதை தெரிந்த மனிதர். ஆறு வாரத்துக்கு நாயைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், திரும்பி வரும்போது அது வேறு நாயாக வரும் என்றும் உறுதி சொன்னார். அவர் கேட்ட தொகை, எங்கள் நாய் கடித்த மனிதரின் ஒரு மாத உழைப்புக்கு மேற்பட்டது. அந்த ஆறு வாரத்தில் இடைக்கிடை வந்து பார்க்கலாமா என்றேன். பார்க்கக் கூடாது, சொந்தக்காரரைக் கண்டால் நாய் பழுதாகிவிடும் என்றார். நாய் பிழை செய்தால் என்ன செய்வீர்கள் என்றேன். சுவரில் தொங்கிய சங்கிலியொன்றை எடுத்துக் காட்டினார். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சுருக்குச் சங்கிலி.

“நாய் ஓநாய்ச் சாதி, சேர். கூட்டத்துக்கு ஒரு தலைவன் இருப்பான். வீட்டிலே நீங்கள்தான் தலைவன் எண்டு அதுக்குக் காட்டவேணும். காட்டாட்டி அது தலைவனாகிவிடும்.”

இந்தத் தத்துவத்தின் பூர்வீகத்தை வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். சுவையான கதை அது. 1947ஆம் ஆண்டில் ஷெங்கல் என்ற சுவிற்சர்லாந்து ஆய்வாளர், பாஸல் நகர மிருகக்காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்துத் தலைமைப் போட்டியைப் பற்றி எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய் பற்றிய நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. அதே மெக் பின்னர் வடதுருவத்தை அண்டிய எல்ஸ்மியர் தீவிலே காட்டு ஓநாய்களோடு பல கோடைகாலங்களைக் கழித்தார். அங்கே அவர் கண்டது ஒரு குடும்பம்: தாய், தந்தை, அவற்றின் குட்டிகள். அடித்துப் பிடித்துத் தலைமைப் பதவிக்கு ஏறிய வீரன் எவனையும் காணவில்லை. 1999இல் அவர் தமது பழைய கருத்தைத் தாமே மறுத்து எழுதினார். தாம் எழுதியது பிழையென்று ஒத்துக்கொள்ளும் ஆய்வாளரை மதிக்கவேண்டும். நமது இலக்கிய உலகில் அத்தகையோர் அரிது. கூண்டுக்குள் அடைபட்ட உயிர்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, இதுவே இயற்கையின் ஒழுங்கு, மேலோர் கீழோர் என்ற பிரிவு காட்டிலேயே உண்டு என்று சாதிப்பது மனிதரைப் பற்றியும் நாம் பலகாலம் கேட்டுவந்த வாதமன்றோ?

சுருக்குச் சங்கிலிக்கும் வரலாறு உண்டு. ஜெர்மனியில் பொலிஸ் நாய்களைப் பழக்கிய கொன்றாட் மோஸ்ற் 1910இல் எழுதிய நூல், பின்னர் பல நாடுகளின் படைகளுக்கு நாய் பழக்கும் வழியைக் காட்டியது. 1962இல் கோலர் என்ற அமெரிக்கர் எழுதிய நூல் அந்தப் படைமுறையை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தது. குழி தோண்டும் நாயை, அது தோண்டிய குழியையே நீரால் நிரப்பி, அதற்குள் அதன் தலையை அமிழ்த்தித் திருத்தும்படி அதிலே சொல்லியிருக்கிறது. இந்நூல் அமெரிக்காவில் அமோகமாக விற்பனையாயிற்று.

இதைப் படித்து நான் கோபப்பட்டேன் என்று எழுதினால் அது பாதி உண்மையே. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எனது பிரம்பு. நான் கொடிய ஆசிரியன் அல்லன், அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆயினும் பூவரசங் கம்பும் பிரம்பும் என் மேசையிலே மாறிமாறி இருந்தன. பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இல் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையை அனுப்பியபோது, ஆசிரியர் அறையிலே நாங்கள் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தோம். பிரம்பு மேசையிலிருந்து அலுமாரிக்குப் போயிற்று; பாடசாலையை விட்டுப் போகவில்லை. மாணவனொருவனை ஆசிரியர் காதிலே அறைந்தது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறும் செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகியிருந்தன. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு, கடைசி வாங்கிலே இருந்த சில முகங்கள் நினைவுக்கு வந்தன. பெயர்கள் வரவில்லை.

அந்த முகங்களைப் பற்றி நாய்களை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்றிலேதான் நான் விளக்கம் கண்டேன். 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செலிக்மனும் மையரும் செய்தது அது. சில நாய்களைக் கட்டிவைத்து, அவை என்ன செய்தாலும் நிறுத்த முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மறுநாள் அவற்றை வேறொரு பெட்டிக்குள் விட்டார்கள். அங்கே தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினால் அதிர்ச்சியிலிருந்து தப்பலாம். முன்பு அத்தகைய அதிர்ச்சி படாத நாய்கள் தாண்டிவிட்டன. பட்ட நாய்களிற் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை, முனகிக்கொண்டு படுத்துக்கிடந்தன. என்ன செய்தாலும் அடி விழும் என்று படித்துக்கொண்ட பிள்ளையும் இப்படித்தான் அசையாது இருக்கும். வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று அதிபர் மெச்சிக்கொண்டு போவார். ஆறு வாரத்தில் ‘வேறு நாயாக’ வரும் நாயைப் பற்றியும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

அடியாமல் பழக்கினால் நாய் உருப்படாது என்பார் இருக்கிறார்கள். போருக்குப் பின் எங்கள் மண்ணிலே கண்ணிவெடி அகற்றும் பணியில் நாய்களும் ஈடுபட்டன. வெடிமருந்தின் வாடை பட்டதும் அந்த நாய் அவ்விடத்தில் அமர்ந்துவிட வேண்டும். அதன் பின்னே நடக்கும் மனிதரின் கால் தப்புவது அந்த ஒரு செயலிலேதான் தங்கியிருக்கிறது. அந்த நாயை ஒரு பந்தைக் கொடுத்து விளையாட்டாகவே பழக்குகிறார்கள். அடிக்குப் பயந்த நாய், எசமானைச் சமாதானப்படுத்துவதற்காக ஒன்றுமில்லாத இடத்திலும் அமர்ந்துவிடக் கூடும் அன்றோ? உயிர் தங்கியிருக்கும் வேலைக்கே பிரம்பு வேண்டாம் என்றால், எங்கள் படலைக்கு எதற்கு?

இரண்டாவது இடத்துக்கு ஒரு நண்பர் கூட்டிப்போனார். புதிதாகக் கட்டிய மாடிவீடொன்றின் முற்றத்திலே காவல் நாய்களின் சாகசத்தைக் காட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர் கதிரைகள் போட்டுக் குளிர்பானம் கொடுத்தார். இரண்டு பெரிய ஜெர்மன் நாய்கள், சொன்ன மாத்திரத்தில் இருந்தன, எழுந்தன, படுத்தன. பிறகு ‘கள்ளன்’ வந்தான். கையிலே சாக்குச் சுற்றிக்கொண்டு மதிலோரத்தால் பதுங்கி வந்த அந்தப் பொடியனுக்கு அழுக்குச் சாரமும் கிழிந்த சட்டையும் உடுத்தியிருந்தார்கள். ஒரு சொல்லிலே நாய்கள் அவன்மீது பாய்ந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற பயிற்சியாளரிடம், கள்ளனுக்கு ஏன் சாரம் உடுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என் கேள்வியின் பேதைமையை எண்ணிச் சிரித்தார்.

“பின்னை? கள்ளன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டே வாறவன், சேர்?”

வந்திருக்கிறான் என்று சொல்ல வாய் உன்னியது. 2022 ஏப்பிரலில் இந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று அறிவித்ததே, அந்த நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்தோருள் கிழிந்த சட்டைக்காரர் எவரையும் நான் கேள்விப்படவில்லை. ஆனால் விருந்தினனாகப் போன இடத்தில் அரசியல் பேசலாகாது என்று சும்மா இருந்தேன். சாக்கை அவிழ்த்துவிட்டுக் கிணற்றடியிலே முகம் கழுவிக்கொண்டிருந்த பொடியனிடம் போய்ப் பேசினேன். பக்கத்துக் குறிச்சியைச் சேர்ந்தவன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். அந்த நாய்கள் தன்னை வெளியிலே ஒழுங்கையில் கண்டாலும் உறுமுகின்றன என்று சொல்லிச் சிரித்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. நாய்க்குப் பயிற்சி தேர்ந்தெடுக்கப் போகிறவர் எல்லோரும் எத்தனை வாரம், என்ன விலை, சொல்வழி கேட்குமா என்றே கேட்கிறார்கள். நானும் அவற்றைத்தான் கேட்டேன். யாரைப் பகைவனாகக் காண அதற்குப் படிப்பிக்கப் போகிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. அது முன்பே எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருக்கிறது.

மூன்றாவது இடத்தை ஓர் இடம் என்று சொல்ல இயலாது. மிருக வைத்தியசாலையொன்றில் உதவியாளராக வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் விளையாட்டு மைதானத்தின் ஒரு மூலையில் ஐந்தாறு நாய்களை வைத்து நடத்தும் வகுப்பு. பெயர்ப்பலகை இல்லை, உத்தரவாதம் இல்லை. நாயைத் தனியே விட்டுப் போக அனுமதியும் இல்லை. வீட்டார் கட்டாயம் வரவேண்டும், இயன்றால் எல்லோரும் வரவேண்டும் என்றாள். முதல் நாள் ஜிம்மி இல்லாமற் போய்ப் பார்த்தேன். சரியாகச் செய்தால் நாய்க்கு அவித்த இறைச்சித் துண்டொன்று கிடைத்தது. பிழை செய்தால் ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பயந்த நாயைத் தூரத்தில் மரநிழலிலே இருக்கவிட்டாள். வால் கால்களுக்கிடையே ஒடுங்கிய நாய் ஒன்றைக்கூட அங்கே நான் காணவில்லை. முப்பத்தைந்து வருட அனுபவத்தில் வகுப்பறையின் வாசலிலே நின்றே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவன் நான். இது நல்ல வகுப்பு என்று கண்டுகொண்டேன்.

அவள் என்னிடம் வரிசையாகக் கேள்வி கேட்டாள். நாய் எங்கே படுக்கிறது, எத்தனை மணித்தியாலம் கட்டிக்கிடக்கிறது, யார் சோறு வைப்பது, யாரிடம் பாய்கிறது, யாரிடம் பாய்வதில்லை? கடைசி இரண்டு விடைகளையும் கேட்டுவிட்டு, “இதை மைதானத்திலே திருத்த ஏலாது, சேர். குப்பை எடுக்க வாற நாளில் நான் உங்கட வீட்டுக்கு வந்து பாக்கிறன்” என்றாள்.

வந்தாள். திண்ணையின் ஓரத்திலே ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு இருந்தாள். அன்று நடந்தது எந்த நாளும் நடந்ததுதான். உழவு இயந்திரம் போனபின், அவள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். அதிலே நாயைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது. மிகுதி எங்களைப் பற்றியது.

இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் அம்மா எழும்பி யன்னலைச் சாத்துகிறா. தலைப்பால் மூக்கைப் பொத்துகிறா. சேர் நாயின் கழுத்துப்பட்டியை இறுக்கிப் பிடிக்கிறார், குரல் மாறுகிறது. குப்பைப் பையைக் காலால் படலைக்கு வெளியே தள்ளுகிறார். அவர் தண்ணீர் கேட்டபோது சேர் ஒரு பிளாஸ்ரிக் போத்தலை மதில்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பத்து மணிக்குத் தபாற்காரர் வந்தபோது கதிரை இழுத்துப் போட்டார்; மூக்குப்பேணியில் மோர் கொடுத்தார்; நாய் அவரது காலடியிலே படுத்துக்கொண்டது.

“நாய்க்கு ஆர் எவர் எண்டு தெரியாது, சேர். நீங்கள் காட்டினால்தான் தெரியும்” என்றாள். குற்றம் சாட்டும் தொனி அதில் இருக்கவில்லை; வெப்பமானியை வாசிப்பதுபோலச் சொன்னாள்.

பவ்லோவின் பெயர் எங்கள் வட்டாரத்திலே பழகிய பெயர். 1904இல் நொபெல் பரிசு பெற்றவர். அவரது ஆய்வு தடைப்படலாகாதென்று 1921இல் லெனின் ஆணையே பிறப்பித்தார் என்பதை நானும் வகுப்புகளிலே சொல்லியிருக்கிறேன். உணவோடு சேர்த்துத் திரும்பத் திரும்பக் கேட்ட ஒலிக்கு, உணவில்லாமலே நாயின் வாயூறும் என்றும் படிப்பித்திருக்கிறேன். 1924இல் லெனின்கிராட்டில் வெள்ளம் வந்து கூடுகளிலிருந்த நாய்கள் மூழ்கும் தறுவாயில் மீட்கப்பட்டன. அதன் பின் சில நாய்கள் படித்ததையெல்லாம் மறந்தன, கதவின் கீழே சிறிது நீர் கசிந்தாலே நடுங்கின. அச்சம் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது. இவ்வளவும் தெரிந்த எனக்கு, என் வீட்டுத் திண்ணையிலே கிழமைக்கு இரண்டு தடவை அதே பாடத்தை நானே நடத்திக்கொண்டிருந்தது தெரியவில்லை. உழவு இயந்திரத்தின் சத்தம், எசமானின் இறுகிய கை, அந்த மனிதரின் உருவம். மூன்றும் சேர்ந்தே வந்தன. ஜிம்மி கெட்டிக்கார மாணவன்.

1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே நடந்த போராட்டத்தைப் பற்றி நான் எத்தனை மேடைகளிற் பேசியிருக்கிறேன்! தேநீர்க் கடைகளிலே தனிக் குவளை வைத்திருந்த காலத்தைப் பற்றி எழுதியுமிருக்கிறேன். மதில்மேல் நான் வைத்த போத்தலை அன்றுவரை நான் போத்தலாகவே கண்டேன். அதைக் குவளையாகக் கண்டது எனது நாய்.

மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, மணம் பொறுக்காமல்தானே யன்னலைச் சாத்தினேன் என்றாள். அதுவும் பொய்யன்று. ஆனால் மீன்காரன் வரும்போது நாங்கள் யன்னலைச் சாத்துவதில்லை.

பயிற்சி எளிமையானது, நீண்டது. ஜிம்மி அவரைக் காணவேண்டும், ஆனால் குரைக்கத் தோன்றாத தூரத்திலே காணவேண்டும். கண்ட கணத்தில் இறைச்சித் துண்டு. அவர் மறைந்ததும் அதுவும் நின்றுவிடும். நாளுக்கு நாள் தூரத்தை ஒரு முழம் இரண்டு முழமாகக் குறைக்கவேண்டும். குரைத்தால் நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள், பின்னுக்குப் போகவேண்டும். இதற்கு அந்த மனிதரே வந்து நிற்கவேண்டியிருந்தது. அவரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றபோது அந்தப் பிள்ளை, “நிக்கிற நேரத்துக்கு அவருக்குக் கூலி கொடுப்பீங்கள்தானே, சேர்?” என்று கேட்டாள். நான் அதை நினைத்திருக்கவில்லை. உதவியாக வருவார் என்றே எண்ணியிருந்தேன்.

கூலி பேசினோம். வேலை முடிந்த பின்னேரங்களில் அரைமணி நேரம் வந்து ஒழுங்கை முனையில் நின்றார். முதல் நாள் வேப்பமரத்தடி; இரண்டாம் கிழமை மின்கம்பத்தடி. “கடிச்ச நாய்க்கு நானே வாத்தியாராப் போனன்” என்று பகிடி சொன்னார். தனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் என்றும், மூத்தவள் கணிதத்தில் கெட்டிக்காரி என்றும் நின்ற இடத்திலிருந்தே சொன்னார். நானும் பதிலைச் சத்தமிட்டே சொல்லவேண்டியிருந்தது, அயலெல்லாம் கேட்டது. நாலு வருடம் எங்கள் குப்பையை எடுத்தவரின் பெயரை அந்த ஒழுங்கையிலேதான் கேட்டு அறிந்தேன்.

ஐந்து மாதமாகிறது. ஜிம்மி இப்போது உழவு இயந்திரத்தின் சத்தத்துக்குக் காதை நிமிர்த்தி என் முகத்தைப் பார்க்கிறது. சில நாட்களில் ஒருமுறை குரைத்துவிடுகிறது; அப்படிப்பட்ட நாட்களில் என் கை எங்கே இருந்தது என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. பையைக் கையாலே எடுத்துக் கொடுக்கிறேன். போன கிழமை அவர் படலைக்குள் வந்து, ஜிம்மியின் மூக்குக்கு முன்னே கையை நீட்டினார். அது முகர்ந்தது, வாலாட்டவில்லை, உறுமவுமில்லை. மனைவி மூக்குப்பேணியிலே மோர் கொண்டுவந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கோ தம்பி என்றேன்.

அவர் கதிரையையும் என்னையும் பார்த்தார். மோரை நின்றபடியே குடித்தார்.

“இருக்க நேரமில்லை மாஸ்டர். இன்னும் பதினெட்டு வீடு கிடக்கு” என்று சொல்லிவிட்டு, படலையைக் கவனமாகக் கொளுவிக்கொண்டு போனார்.